அட்டவணை சரி, வரைபடம் தப்பு: கோடும் சார்பும் வரைகையில் சறுக்கும் இடங்கள்

#1 வரைதாள்

இயற்கணிதத்தில் வரைபடம் தொடங்குகிறவர்களுக்கான பயிற்சித்தாள் ஒன்று தயாராகிறது. கணக்கு சரியாக வருகிறது, அட்டவணையும் சரி. தாளில் ஏறும்போதுதான் படம் வேறாகிவிடுகிறது. திரும்பத் திரும்ப வரும் நான்கு தப்புகளைக் கீழே போட்டிருக்கிறேன். (தட்டச்சு வசதிக்காக எக்ஸ், ஒய் என்றே எழுதுகிறேன். ² என்றால் வர்க்கம், / என்றால் வகுத்தல்.)

அ) ஒய் = −(2/3)எக்ஸ் + 4. எக்ஸுக்கு 1, 2, 3 கொடுத்து 3.33, 2.67, 2 என்று தசமத்தில் சிக்கி, மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் உட்காராமல் போவது.

ஆ) 3எக்ஸ் + 4ஒய் = 12. வெட்டுத்துண்டுகள் (கோடு அச்சுகளை வெட்டும் இடத்து மதிப்புகள்) 4, 3 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, (4, 3) என்ற ஒரே புள்ளியைக் குறிப்பது.

இ) ஒய் = எக்ஸ்² − 3எக்ஸ் − 1. அடிப்பாகம் தட்டையாக, வாணலி மாதிரி.

ஈ) ஒய் = 6/எக்ஸ். (−1, −6), (1, 6) இரண்டையும் ஸ்கேல் வைத்து இணைத்துவிடுவது.

அட்டவணை, சாய்வு, வெட்டுத்துண்டு: இதில் எதை முதலில் வைப்பது? காரணத்தோடு சொன்னால் நல்லது.

#2 மூன்றாம்புள்ளி

(அ)-வில் தப்பு கணக்கில் இல்லை, எக்ஸைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. எக்ஸின் கெழுவில் பகுதி (பின்னத்தின் கீழ் எண்) 3 என்றால் எக்ஸை 3-ன் மடங்காக எடுக்க வேண்டும்: −3, 0, 3, 6. ஒய் முறையே 6, 4, 2, 0. தசமமே வராது.

அடுத்தது இடைவெளி. 1 செ.மீ. = 1 அலகு என்ற தாளில் எக்ஸ் = 0, எக்ஸ் = 1 இரண்டை மட்டும் குறித்துக் கோட்டை இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது புள்ளி அரை மில்லிமீட்டர் பிசகினால் போதும், 8 செ.மீ. தள்ளிக் கோடு 4 மி.மீ. விலகிவிடும். அதே பிசகு 8 செ.மீ. தொலைவிலுள்ள புள்ளியில் நேர்ந்தால் அங்கே விலகல் அரை மி.மீ. மட்டுமே. ஆகவே தாளின் இரண்டு ஓரத்துக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று.

நடுவில் ஏன் என்றால், எந்த இரண்டு புள்ளியைக் கொடுத்தாலும் அவற்றின் வழியே ஒரு கோடு போகும். புள்ளியே தப்பாக இருந்தாலும் போகும். மூன்றாவது புள்ளிதான் காட்டிக்கொடுக்கும். மூன்றும் ஒரே கோட்டில் விழவில்லை என்றால் நடுவாக ஒரு கோட்டை இழுத்துச் சமாளிக்கக் கூடாது. மூன்றில் ஏதோ ஒன்றின் கணக்கு தப்பு, அதைத் தேடித் திருத்த வேண்டும்.

#3 கூர்பென்சில்

சாய்வு முறையில் (அ) ஒரு நிமிட வேலை. (0, 4)-ல் பென்சிலை வைத்து, வலப்பக்கம் 3, கீழே 2. திரும்ப வலம் 3, கீழே 2. இடப்பக்கம் நீட்ட வேண்டுமானால் இடம் 3, மேலே 2.

சறுக்குவது கழித்தல் குறியில். அதைத் தொகுதிக்கும் பகுதிக்கும் சேர்த்தே கொடுத்து, இடம் 3, கீழே 2 என்று போய்விடுவார்கள். அது (−2)/(−3), அதாவது +2/3. குறி ஒருவருக்குத்தான். மேலேயோ கீழேயோ, ஏதாவது ஒன்றுக்கு மட்டும்.

இரண்டு புள்ளியிலிருந்து சாய்வு காணும்போதும் இதே கதைதான். (−3, 6), (3, 2) என்ற புள்ளிகளுக்கு (2 − 6)/(3 − (−3)) = −4/6 = −2/3. மேலே இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டு, கீழே முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் −4/−6 = +2/3 வந்து நிற்கும். படத்தை ஒரு பார்வை பார்த்தாலே தெரியும்: இடமிருந்து வலம் போகையில் கோடு இறங்குகிறது, சாய்வு மிகையாக இருக்க முடியாது. (சாய்வைப் "படித்திறன்" என்று படித்தவர்களும் இங்கே இருப்பீர்கள். இரண்டும் ஒன்றுதான்.)

எக்ஸ் = 3, ஒய் = −2 போன்றவற்றுக்கு எந்த முறையும் வேண்டாம். ஆனால் "எக்ஸ் என்று இருக்கிறதே, எக்ஸ் அச்சுக்கு இணையாக வரும்" என்று படுக்கையாக இழுப்பது வழக்கமான தப்பு. (3, −1), (3, 0), (3, 5) என்று மூன்று புள்ளியை எழுதச் சொல்லுங்கள், கோடு தானாக எழுந்து நிற்கும். எக்ஸ் = 3-க்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை, ஒய் = −2-க்குச் சாய்வு 0. "சாய்வு இல்லை" என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட வேண்டும், எதைச் சொல்கிறோம் என்றே புரியாது.

#4 அச்சாணி

(ஆ)-வுக்கு: "வெட்டுத்துண்டு கண்டுபிடி" என்று கேட்டால் 4, 3 என்று எண்ணாகத்தான் பதில் வரும். "கோடு எக்ஸ் அச்சை எந்தப் புள்ளியில் வெட்டுகிறது?" என்று கேளுங்கள். (4, 0) என்று எழுதியாக வேண்டும். அட்டவணையிலும் இரண்டு வரிசை முழுதாக இருக்கட்டும்: எக்ஸ் 0 ஆனால் ஒய் 3, எக்ஸ் 4 ஆனால் ஒய் 0. அந்த 0-க்களை எழுதாமல் விடுவதால்தான் (4, 3) பிறக்கிறது. 3×4 + 4×3 = 24 என்று பிரதியிட்டாலே 12 இல்லை என்பது தெரிந்துவிடும்.

வெட்டுத்துண்டு முறை கைவிடும் இடங்களையும் தாளில் போடுங்கள். 5எக்ஸ் + 2ஒய் = 0 எடுத்தால் இரண்டு வெட்டும் ஆதிப்புள்ளியிலேயே விழும், ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது. (2, −5) என்று இன்னொன்று தேட வேண்டும்.

7எக்ஸ் + 3ஒய் = 10-ல் வெட்டுகள் 10/7-லும் 10/3-லும். தாளில் 1.43-ஐக் குறிப்பது ஊகம்தான். ஒரு முழுஎண் புள்ளியைக் கண்டுபிடியுங்கள், இங்கே (1, 1). பிறகு எக்ஸோடு ஒய்யின் கெழு 3-ஐக் கூட்டி, ஒய்யிலிருந்து எக்ஸின் கெழு 7-ஐக் கழித்தால் (4, −6). எதிர்த்திசையில் (−2, 8). பிரதியிட்டுப் பாருங்கள்: 28 − 18 = 10, −14 + 24 = 10. ஒன்றில் ஏறியது 21 என்றால் மற்றதில் இறங்கியதும் 21. சாய்வு −7/3 என்பதைத்தான் வேறு வழியாகச் சொல்கிறோம், ஆனால் சமன்பாட்டை ஒய் = என்று மாற்றவே தேவையில்லை.

#5 கோணமானி

யாரும் இன்னும் அளவுத்திட்டத்தைத் தொடவில்லையே. பாதிப் படங்கள் அங்கேதான் கெடுகின்றன.

மில்லிமீட்டர் தாளில் 1 செ.மீ.க்கு 1, 2, 5 அலகு, அல்லது அவற்றின் 10, 100 மடங்கு. இதைத் தாண்டாதீர்கள். 1 செ.மீ. = 3 அலகு என்று எடுத்தால் ஒரு சிறு கட்டத்தின் மதிப்பு 0.3. அப்போது 1 எங்கே? மூன்று கட்டத்துக்குக் கொஞ்சம் அப்பால், 3.33 மி.மீ.யில். அப்படி ஊகித்துக் குறித்த புள்ளிகளில் கோடு எப்படிச் சேரும்?

அட்டவணையின் மிகக் குறைந்த, மிக அதிக மதிப்பைப் பார்த்த பிறகுதான் அச்சு வரைய வேண்டும். அச்சை முதலில் வரைந்துவிட்டு, ஒய் = 24 தாளுக்கு வெளியே போகிறதே என்று தவிப்பது வழக்கம். ஓரத்தில் இடமில்லை என்று 8-க்கு அப்புறம் ஒரு கட்டத்தை 10 ஆக்கிக்கொள்வதும் உண்டு. அச்சின் நடுவில் அளவு மாறினால் நேர்கோடு அங்கே முறிந்து தெரியும்.

இரண்டு அச்சிலும் வேறு வேறு அளவு எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் சாய்வை எண்ணும்போது கட்டத்தை எண்ணாமல் அலகை எண்ண வேண்டும். ஒய் = 2எக்ஸ், ஒய் = −எக்ஸ்/2 இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகள், சாய்வுகளின் பெருக்கல் −1. எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1, ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 என்று எடுத்து வரைந்தால் தாளில் அவற்றுக்கு இடையே ஒரு பக்கம் சுமார் 59°, மறு பக்கம் 121°. கோணமானியை வைத்து "செங்குத்து இல்லை" என்று எழுதிய பதில் படத்தின்படி சரி, கணக்கின்படி தப்பு. செங்குத்து, வட்டம் இவற்றைக் கேட்கும் கணக்கில் இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு கட்டாயம்.

அச்சை 0-விலிருந்து தொடங்காமல் நெளிகோடு போட்டு 40-லிருந்து தொடங்கினால், கோடு அந்த இடது ஓரத்தில் தொடும் மதிப்பு ஒய் வெட்டுத்துண்டு அல்ல. இதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

#6 வரைதாள்

நன்றி. அளவுத்திட்டத்துக்குத் தனிப் பக்கமே ஒதுக்க வேண்டும்போல. (இ)-க்கு வருவோம். அட்டவணையில் ஒரு தப்பும் இல்லை:

எக்ஸ்: −1, 0, 1, 2, 3, 4
ஒய்: 3, −1, −3, −3, −1, 3

இதில் (1, −3)-ஐயும் (2, −3)-ஐயும் கிடைக்கோட்டால் இணைத்துவிடுகிறார்கள். "அட்டவணையில் இருப்பதைத்தானே இணைத்தேன்" என்று கேட்டால் என்ன பதில்?

#7 பரவளையன்

அட்டவணை ஆறு இடத்தில் மட்டும் எட்டிப் பார்த்திருக்கிறது, நடுவில் என்ன நடக்கிறது என்று அது சொல்லவில்லை என்பதுதான் பதில். ஒரே ஒய் மதிப்பு இரண்டு இடத்தில் வந்தால் சமச்சீர் அச்சு சரியாக நடுவில். 1-க்கும் 2-க்கும் நடுவே 1.5. 0-க்கும் 3-க்கும் நடுவேயும் 1.5. −1, 4? அதுவும் 1.5. அங்கே ஒய் = 2.25 − 4.5 − 1 = −3.25. 1 செ.மீ.க்கு 1 அலகு என்றால் வளைவின் அடி அந்தக் கிடைக்கோட்டுக்குக் கீழே 2.5 மி.மீ. இறங்கியாக வேண்டும்.

ஆகவே இருபடிச் சார்புக்கு வேலையின் வரிசையையே திருப்பிப் போடுங்கள். முதலில் முனையின் எக்ஸ் மதிப்பு −பி/2ஏ (ஏ என்பது எக்ஸ்²-ன் கெழு, பி என்பது எக்ஸின் கெழு), இங்கே 3/2. முனை (1.5, −3.25). எக்ஸ்²-ன் கெழு மிகை, மேல்நோக்கித் திறக்கும். ஒய் அச்சை (0, −1)-ல் வெட்டும், அதன் எதிரொளி (3, −1). இவ்வளவும் தெரிந்த பிறகு அட்டவணை. எக்ஸ் மதிப்புகளை முனைக்கு இருபுறமும் சமமாக எடுக்க வேண்டும். −3 முதல் 3 வரை என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் இடது கை மட்டும் 17 வரை ஏறிவிடும், வலது கை −1-லேயே நிற்கும், படம் பரவளையம் மாதிரியே இருக்காது.

−பி/2ஏ-யில் குறி விழுந்துவிடும் இடம்: பி என்பது −3, ஆகவே −பி என்பது +3. சூத்திரத்தின் கழித்தலை மறந்து −1.5 என்று எழுதினால் அட்டவணையின் சமச்சீர் உடனே இடிக்கும். அதனால்தான் இரண்டையும் ஒப்பிடச் சொல்கிறேன்.

கணக்குப் பிழையைப் பிடிக்க இன்னொரு வழி, வேறுபாடு எடுப்பது. எக்ஸ் ஒவ்வொன்றாக ஏறும்போது மேலே உள்ள ஒய் மதிப்புகளின் வேறுபாடுகள் −4, −2, 0, 2, 4. அவற்றின் வேறுபாடு எப்போதும் 2. எக்ஸ்²-ன் கெழு ஏ என்றால் இந்த இரண்டாம் வேறுபாடு 2ஏ ஆகத்தான் இருக்கும். (−1)²-ஐ −1 என்று எடுத்தவருக்கு முதல் ஒய் 3-க்குப் பதில் 1 வரும், வேறுபாடுகள் −2, −2, 0, 2, 4 ஆகும், இரண்டாம் வேறுபாடு 0, 2, 2, 2. முதல் இடத்தில் கோளாறு என்று விரல் நீட்டிவிடும். நேர்கோட்டுக்கு முதல் வேறுபாடே மாறாது, அதுதான் சாய்வு.

கால்குலேட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. −1² என்று அடைப்புக்குறி இல்லாமல் அடித்தால் பெரும்பாலானவை −1 காட்டும், (−1)² என்று அடிக்க வேண்டும். எக்செல் இதற்கு நேர்மாறு. செல்லில் =−3^2 என்று கொடுத்தால் 9 வரும், ஏனென்றால் அங்கே முன்குறிக்கு முதலிடம். ஆகவே ஒய் = −எக்ஸ்² வரையும்போது எக்செலில் =−(ஏ1^2) என்று போட வேண்டும், இல்லாவிட்டால் தலைகீழ்ப் பரவளையம் நிமிர்ந்து நிற்கும்.

#8 கூர்பென்சில்

வளைவு வரைகிற கைப்பழக்கம் பற்றி யாரும் எழுதுவதில்லை. புள்ளியைச் சிறு பெருக்கல் குறியாகப் போடுங்கள், தடித்த பொட்டு வேண்டாம். பொட்டே 1 மி.மீ. அகலம் என்றால் கோடு அதில் எந்தப் பக்கம் போவது? வரையும்போது மணிக்கட்டு வளைவின் உட்பக்கம் இருக்க வேண்டும். மேல்நோக்கித் திறக்கும் பரவளையத்துக்குத் தாளையே தலைகீழாகத் திருப்பிக்கொண்டால் கை இயல்பாகச் சுழலும். முதலில் பென்சில் தாளில் படாமல் இரண்டு முறை ஓட்டிப் பார்த்து, பிறகு ஒரே இழுப்பு. துண்டு துண்டாகத் தடவி வரைந்தால் கோடு மயிர்க்கால் மாதிரி நிற்கும், அதிலிருந்து 3.3-ஐ எப்படி வாசிப்பது?

#9 பூஜ்யத்தால்_வகுக்காதே

(ஈ) என் வட்டாரம். பெயரே சொல்கிறதே.

6/எக்ஸ்-ல் எக்ஸ் = 0 என்ற இடத்தில் அட்டவணையை வெறுமையாக விடக் கூடாது, "இல்லை" என்று எழுத வேண்டும். வெறுமையாக விட்டால் கண் அதைத் தாண்டிப் போய்விடும், கை இணைத்துவிடும். 0-க்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்: எக்ஸ் 0.5-ல் ஒய் 12, 0.25-ல் 24. மறுபுறம் −0.5-ல் −12, −0.25-ல் −24. ஒரு பக்கம் மேலே பறக்கிறது, மறுபக்கம் பாதாளத்துக்குப் போகிறது. நடுவில் பாலம் போட வழியே இல்லை.

கொஞ்சம் நகர்த்திய வடிவம்: ஒய் = 6/(எக்ஸ் − 2) + 1. அட்டவணைக்கு முன்பே எக்ஸ் = 2, ஒய் = 1 என்ற இரண்டு தொலைத்தொடுகோடுகளை (வளைவு நெருங்கிக்கொண்டே போகும் கோடுகள்) புள்ளிக்கோடாகப் போட்டுவிடுங்கள். எக்ஸ் மதிப்புகளை 2-க்கு இருபுறமும், 6-ஐ மீதியின்றி வகுக்கும் தூரத்தில் எடுங்கள். வலப்புறம் 3, 4, 5, 8 என்றால் ஒய் 7, 4, 3, 2. இடப்புறம் 1, 0, −1, −4 என்றால் −5, −2, −1, 0. எட்டுப் புள்ளி, எல்லாம் முழுஎண், இரு அச்சையும் வெட்டும் இடமும் அதிலேயே கிடைத்துவிட்டது. வளைவு தொலைத்தொடுகோட்டை நெருங்கும், தொடவே தொடாது.

#10 மூன்றாம்புள்ளி

கடைசி வரியை மட்டும் திருத்துங்கள். இந்தச் சார்புக்கு அது சரி, பொது விதியாக எழுதினால் தப்பு. ஒய் = எக்ஸ்/(எக்ஸ்² + 1) எடுங்கள். எக்ஸ் மிகப் பெரிதானால் ஒய் 0-வை நெருங்கும், ஆகவே ஒய் = 0 தொலைத்தொடுகோடு. ஆனால் எக்ஸ் = 0-ல் வளைவு அதே கோட்டை வெட்டிக்கொண்டு போகிறது.

#11 பூஜ்யத்தால்_வகுக்காதே

ஒப்புக்கொள்கிறேன். பகுதி 0 ஆவதால் வரும் குத்துக்கோட்டைத்தான் தொட முடியாது, அங்கே சார்புக்கு மதிப்பே இல்லை. கிடைக்கோடு தொலைவில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறது, நடுவில் வெட்டலாம்.

பகுதி 0 ஆகிற இடமெல்லாம் தொலைத்தொடுகோடு என்பதும் இல்லை. ஒய் = (எக்ஸ்² − 4)/(எக்ஸ் − 2) சுருக்கினால் எக்ஸ் + 2, சாதாரண நேர்கோடு. ஆனால் (2, 4)-ல் ஓர் ஓட்டை. சிறிய வெற்றுவட்டம் போட வேண்டும். வரைபட மென்பொருள்களில் கோடு முழுசாகத்தான் தெரியும், ஏனென்றால் அந்த ஓட்டைக்கு அகலமே கிடையாது.

#12 அச்சாணி

தட்டை அடிப்பாகத் தப்பு பரவளையத்தோடு நிற்பதில்லை. ஒய் = |எக்ஸ் − 2|-க்கு எக்ஸ் = −3, −1, 1, 3, 5 என்று ஒற்றைப்படையாக எடுத்தால் ஒய் 5, 3, 1, 1, 3. இணைத்தால் அடி வெட்டுப்பட்ட உருவம். மட்டுக்குறிக்கு உள்ளே 0 ஆகும் எக்ஸ் = 2 அட்டவணையில் இருந்தே தீர வேண்டும், கூர்முனை (2, 0)-ல். இங்கே வளைக்கவும் கூடாது. பரவளையம் பழகியவர்கள் இந்த முனையையும் உருட்டிவிடுவார்கள்.

ஒய் = √(எக்ஸ் − 1)-க்கு எக்ஸ் = 1, 2, 5, 10 எடுங்கள், ஒய் 0, 1, 2, 3. எக்ஸ் 1-க்குக் கீழே மெய்மதிப்பு இல்லை, ஆகவே படம் (1, 0)-ல் நிரப்பிய வட்டத்தோடு தொடங்குகிறது. அதன் இடப்பக்கம் ஒன்றும் கிடையாது. மதிப்பகம் என்ற சொல்லுக்குப் பொருள் இந்தப் படத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்: வளைவின் நிழல் எக்ஸ் அச்சில் விழும் பகுதி மதிப்பகம், ஒய் அச்சில் விழும் பகுதி வீச்சகம்.

துண்டுச் சார்பில் எக்ஸ் < 1-க்கு எக்ஸ் + 2, எக்ஸ் ≥ 1-க்கு 4 − எக்ஸ் என்று கொடுத்தால் இரண்டும் (1, 3)-ல் சேர்ந்துவிடும், வட்டம் தேவையில்லை. 4-ஐ 5 ஆக்கினால் இடது துண்டு (1, 3)-ல் வெற்றுவட்டம், வலது துண்டு (1, 4)-ல் நிரப்பிய வட்டம். இரண்டையும் நிரப்பினால் ஒரே எக்ஸுக்கு இரண்டு ஒய் ஆகிவிடும், குத்துக்கோட்டுச் சோதனையில் தோற்கும். இரண்டையும் வெறுமையாக விட்டால் எக்ஸ் = 1-க்கு மதிப்பே இல்லை.

#13 அரைக்கட்டம்

குறுக்கே ஒரு கேள்வி. ஒய் = (எக்ஸ் − 3)² ஏன் வலப்பக்கம் நகர்கிறது? கழித்தல் என்றால் இடப்பக்கம்தானே? "அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்பதைத் தவிர வேறு விளக்கம் இருக்கிறதா?

#14 பரவளையன்

இருக்கிறது. எக்ஸ்²-ல் முனை எங்கே? வர்க்கத்துக்குள் 0 இருக்கும் இடத்தில். (எக்ஸ் − 3)²-ல் உள்ளே 0 வர எக்ஸ் 3 ஆக வேண்டும். பழைய படத்தில் 0 செய்த வேலையை இங்கே 3 செய்கிறது, 1 செய்த வேலையை 4 செய்கிறது. அட்டவணையின் ஒய் வரிசையைத் தொடாமல் எக்ஸ் வரிசையில் எல்லாவற்றோடும் 3 கூட்டினால் புதிய அட்டவணை தயார். ஒய்க்கும் இதே விதிதான், நாம்தான் வேறு மாதிரி எழுதுகிறோம்: ஒய் = எக்ஸ்² + 5 என்பதை ஒய் − 5 = எக்ஸ்² என்று எழுதிப் பாருங்கள். கழித்தல் 5, படம் போவது மேலே.

கவனம் தேவைப்படும் இடம் எஃப்(2எக்ஸ் − 6). 6 அலகு நகர்த்து, பாதியாகச் சுருக்கு என்று எழுதினால் வரிசை முக்கியம். முதலில் 6 வலம் நகர்த்தி, பிறகு ஒய் அச்சை நோக்கிப் பாதியாகச் சுருக்கினால் சரி. முதலில் சுருக்கிவிட்டால் அப்புறம் நகர்த்துவது 3 மட்டுமே, ஏனென்றால் 2எக்ஸ் − 6 = 2(எக்ஸ் − 3). சந்தேகம் வந்தால் உள்ளே 0 ஆகும் எக்ஸைக் கேளுங்கள்: 3. பழைய 0 அங்கேதான் வந்து உட்கார வேண்டும்.

#15 நேர்கோடன்

எல்லாம் சரி. டெஸ்மாஸிலோ ஜியோஜீப்ராவிலோ சமன்பாட்டைத் தட்டினால் அரை விநாடியில் படம் வருகிறது. இந்தக் காலத்தில் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பது எதற்கு?

#16 கோணமானி

வரட்டும், ஆனால் எந்தச் சாளரத்தில்? இரண்டு அச்சும் −10 முதல் 10 வரை இருக்கும் சாளரத்தில் ஒய் = எக்ஸ்² + 50 தட்டினால் வெறும் கட்டம்தான் தெரியும். படமே இல்லை என்று முடிவு கட்டுவதா? முனை (0, 50) என்று முன்கூட்டியே தெரிந்தவர் ஒய் அச்சை நீட்டுவார். சுட்டியை உருட்டிப் பெரிதாக்கினால் எந்த வளைவும் நேர்கோடு மாதிரி தெரியத் தொடங்கும், அதுவும் ஏமாற்றும்.

விரிதாளில் இன்னும் மோசம். எக்ஸ் = 0, 1, 2, 5, 10 என்று சமமில்லாத இடைவெளியில் கொடுத்து "லைன்" வகை வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தால் அது எக்ஸை வெறும் பெயர்ச்சீட்டாக எடுத்துச் சம இடைவெளியில் அடுக்கிவிடும். நேர்கோடு உடைந்து தெரியும். "ஸ்கேட்டர்" வகைதான் எக்ஸை எண்ணாக மதிக்கும். அதிலும் "ஸ்மூத்" கோடு வேண்டாம். அது புள்ளிகளுக்கு நடுவே தன் விருப்பத்துக்கு வளைத்துக் கொடுக்கும், அங்கே உங்கள் சார்பு அப்படி வளைகிறதா என்று அதற்குத் தெரியாது. 6/எக்ஸைக் கொடுத்தால் −1-லிருந்து 1-க்குக் கோடும் போட்டுவிடும். வரைதாள் சொன்ன அதே (ஈ) தப்பு, இயந்திரம் செய்தது. நடுவில் ஒரு காலி வரிசை விட்டால் இணைக்காது.

என் கருத்து: மென்பொருள் சரிபார்க்க. கையால் உத்தேசப் படம் முதலில், பிறகு தட்டிப் பார்ப்பது. இரண்டும் ஒத்துவராதபோதுதான் படிப்பே நடக்கிறது.

#17 நேர்கோடன்

ஸ்கேட்டர் விஷயம் உண்மை, வாபஸ். ஆனால் உருமாற்றங்களைக் காட்ட எக்ஸ்²-ன் கெழு ஏ-வுக்கு நகர்த்தி (ஸ்லைடர்) வைத்து −3 முதல் 3 வரை ஓட்டுவதற்கு ஈடாகப் பென்சிலில் ஒன்றும் இல்லை. ஏ = 0-வைக் கடக்கும் அந்தக் கணத்தில் பரவளையம் நேர்கோடாகிப் புரளுவதை அசையும் படத்தில் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

#18 வரைதாள்

அதற்குத் தனிப் பயிற்சி சேர்க்கிறேன். இதுவரை வந்ததைப் பார்த்தால் நேர்கோட்டுக்கு வெட்டு அல்லது சாய்வு, மூன்றாவது புள்ளி சரிபார்க்க. வளைவுக்கு முதலில் முனை, உடையும் இடம், தொலைத்தொடுகோடு, அதன் பிறகு அட்டவணை. முதலில் அட்டவணையைக் கையில் கொடுப்பதுதான் சிக்கலின் வேர் என்று தோன்றுகிறது.

கடைசியாக ஒன்று. (இ)-யின் படத்தை வைத்து எக்ஸ்² − 5எக்ஸ் + 2 = 0-வைத் தீர்க்கச் சொல்லும் வகைக் கணக்கு. எந்தக் கோட்டை வரைவது என்பதில்தான் குழப்பம்.

#19 அச்சாணி

அட்டவணையை முழுதாகத் துரத்திவிடாதீர்கள். வடிவமே தெரியாத சார்பு வந்தால் அதுதான் ஒரே வழி. எக்ஸ் மதிப்புகளை எங்கே நெருக்கி எடுப்பது என்ற கேள்வியோடு கொடுங்கள், போதும்.

உங்கள் கணக்கு: வரைந்திருக்கும் சார்பிலிருந்து தீர்க்க வேண்டியதைக் கழியுங்கள், இந்த வரிசையில். (எக்ஸ்² − 3எக்ஸ் − 1) − (எக்ஸ்² − 5எக்ஸ் + 2) = 2எக்ஸ் − 3. ஒய் = 2எக்ஸ் − 3 என்ற கோட்டை அதே தாளில், அதே அளவில் வரைந்தால் வெட்டும் இடங்களின் எக்ஸ் மதிப்பே விடை. வரிசையை மாற்றிக் கழித்தால் ஒய் = −2எக்ஸ் + 3 வரும். அந்தக் கோடும் பரவளையத்தை இரண்டு இடத்தில் வெட்டும், −1.56, 2.56 என்று பார்க்க நம்பும்படியான எண்களைக் கொடுக்கும். ஆனால் அவை எக்ஸ்² − எக்ஸ் − 4 = 0-வின் தீர்வுகள். படம் அழகாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

சரியான கோட்டில் சூத்திரப்படி விடை 0.44, 4.56. 1 செ.மீ. = 1 அலகு என்ற தாளில் 0.4, 4.6 என்று வாசித்தால் போதும், அதற்கு மேல் தாள் சொல்லாது. இரண்டாவது வெட்டு எக்ஸ் = 4-ஐத் தாண்டியிருப்பதைக் கவனியுங்கள். #6-ல் உள்ள அட்டவணை 4-ல் நின்றுவிடுகிறது, அதை வைத்து வரைந்தால் ஒரே ஒரு விடைதான் கிடைக்கும். எக்ஸ் = 5, ஒய் = 9 என்று ஒரு வரிசை சேர்த்து, ஒய் அச்சை 9 வரை நீட்டிக்கொள்ளுங்கள்.